சமையலறையில் சுட்ட பறவைகள்

என் கணவன் உர்ப்போ பதினோரு ஆண்டுகளில், எங்கள் சமையலறையை விட்டு வெளியே போகாமலே, எழுபதுக்கும் மேற்பட்ட மெட்சோக்களைச் சுட்டிருக்கிறான். மெட்சோ வடக்குப் பைன் காடுகளின் சேவல். வான்கோழி அளவு இருக்கும், உடம்பெல்லாம் கறுப்பு, கண்ணுக்கு மேலே சிவப்பாக ஒரு கீற்று. அந்தப் பதினோரு ஆண்டுகளில் உண்மையில் உர்ப்போ ஒரு மெட்சோவைப் பொம்மையாகத்தான் பார்த்திருந்தான், பஞ்சு அடைத்து, அருங்காட்சியகத்தில். எங்கள் ஊர் ரீஹிமாக்கியில் லிஃப்ட் பழுதுபார்ப்பது அவன் வேலை. இளம் வயதிலேயே வேட்டைத் தேர்வு எழுதி உரிம அட்டை வாங்கியவன். அதை ஆண்டுதோறும் புதுப்பிப்பான், பணப்பையில் என் படத்துக்கு முன்னால் வைப்பான், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமைகளில் என் தம்பி தைஸ்தோ வருவான். பேக்கரியில் மாவு பிசைகிறவன், உடம்பும் அதற்கேற்றபடி. அவனிடமும் உரிம அட்டையும் ஒரு பழைய துப்பாக்கியும் உண்டு, சுடுகளத்தைத் தாண்டி அது போனதில்லை. மூன்று பேரும் சௌனா நீராவி அறையில் நன்றாக வேர்த்துக் குளித்துவிட்டு வந்து உட்காருவோம். சாசேஜும் கடுகும் பீரும் மேசைக்கு வந்ததும் உர்ப்போ தொண்டையைச் செருமுவான்.

"காலை ஆறு மணி. செப்டம்பர். புல்லு மேல இந்த வருசத்தோட முதல் உறைபனி. குடிசைக் கதவைத் திறக்குறோம்."

"காப்பி குடிச்சாச்சா?" என்பான் தைஸ்தோ.

"குடிச்சாச்சு. நீ போட்ட காப்பி. வாயில வைக்க முடியல."

"அப்ப நாளைக்கு நீயே போடு மச்சான்."

பிறகு கிளம்புவார்கள். இடது கைப்பக்கம் ஓடை வரும். முன்னால் ஹல்லா ஓடும். ஹல்லா அவர்களுடைய நாய், செந்நிறம், சுருட்டை வால், ஒருமுறை கரடியோடு மோதியதில் காது கிழிந்தது. எங்கள் வீட்டில் நாய் கிடையாது, தைஸ்தோ வீட்டிலும் கிடையாது. ஆனாலும் ஹல்லாவுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. ஒரு குளிர்காலத்தில் அதற்கு முழங்கால் வலி என்று இரண்டு வாரம் வேட்டைக்குப் போகாமல் வெறும் மீன் பிடித்தார்கள், அதுவும் அதே மேசையில்.

நாய் பறவையைக் கண்டுபிடிக்கும். பறவை பறந்து மரத்தில் ஏறும். நாய் மரத்தடியில் நின்று விடாமல் குரைக்கும். பறவை நாயையே உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வேட்டைக்காரன் நெருங்கவேண்டும். நாய் குரைக்கும்போது ஓர் அடி, குரைப்பு நின்றால் சிலையாக நிற்பது. இந்தக் கட்டம் வந்தால் உர்ப்போவால் நாற்காலியில் இருக்க முடியாது. எழுந்து, இடுப்பை வளைத்து, தானே குரைத்தபடி குளிர்பதனப் பெட்டியை நோக்கி நடப்பான். தைஸ்தோ மூச்சைப் பிடித்துக்கொள்வான். நானும்தான், பொய் சொல்லக்கூடாது.

ஓர் ஏப்ரலில் இந்தக் காட்டில் ஒரு சண்டை வந்தது.

"சுட்டேன்!" என்றான் தைஸ்தோ திடீரென்று.

உர்ப்போ குளிர்பதனப் பெட்டிக்கு இரண்டடி முன்னால் நின்றுவிட்டான். "யாரு? நீயா? நான்தானே பக்கத்துல போய்க்கிட்டிருக்கேன்."

"துப்பாக்கி என்கிட்டல்ல இருக்கு."

"ஓடைகிட்ட என்கிட்ட குடுத்துட்டே!"

"எப்பக் குடுத்தேன்? சும்மா அடிச்சு விடாதே."

"குடுத்தே. நீ ஷூ லேஸ் கட்டக் குனிஞ்சப்போ குடுத்தே."

"என் பூட்ஸுக்கு லேஸே கிடையாது மச்சான். அது ரப்பர் பூட்ஸ்!"

தைஸ்தோ கோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மூன்று செவ்வாய்க்கிழமைகள் வரவில்லை. என்னிடம் ஃபோனில் அழாத குறையாக, "பதினோரு வருசமா ஒரு பறவையைக்கூட எனக்கு விட்டுக் குடுக்கலக்கா" என்றான். உர்ப்போ உருளைக்கிழங்கு உரித்தபடி, "அவன் மன்னிப்பு கேக்கட்டும், அந்தப் பறவையை நானே அவனுக்குக் குடுத்துடறேன்" என்றான்.

"எந்தப் பறவையை?" என்று கேட்டேன்.

அவன் இன்னொரு உருளைக்கிழங்கை எடுத்தான்.

"உர்ப்போ, நிஜமாவே போயிட்டு வாங்களேன். யார் தடுக்குறா?"

"லீவு கிடைக்காது."

"கேட்டியா?"

"நாய் இல்ல."

"நாய் நான் பாத்துத் தரேன்."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னான். "போய்ப் பாத்து, அங்க நல்லா இல்லேன்னு வெச்சுக்கோ. அப்புறம் செவ்வாய்க்கிழமை என்னத்தப் பேசுறது?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஆனால் மூன்று வாரமாக இரண்டு பேரின் புலம்பலையும் கேட்டுக் களைத்திருந்தேன். மே மாதம் வேட்டைச் சங்கத்துக்காரர்கள் பள்ளிக்கூடத்தில் தேர்வு நடத்துகிறார்கள் என்று பார்த்ததும், யாரிடமும் சொல்லாமல் போய் எழுதினேன். புத்தகத்தை இரண்டு மாலை புரட்டினேன், அவ்வளவே. மற்றதெல்லாம் பதினோரு வருடமாகக் காதில் விழுந்தவைதான். பக்கத்தில் இருந்த இளைஞர்கள் பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்க, நான் முதலில் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். இரண்டே தவறு, அவையும் வாத்துக் கேள்விகள். எங்கள் மேசையில் யாரும் வாத்து சுட்டதில்லை.

அட்டையை உர்ப்போவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். அவன் எடுத்து, திருப்பி, மறுபடி திருப்பிப் பார்த்தான்.

"ஹில்க்கா, இதுல உன் பேர் இருக்கே."

"ஆமா. ஜூன்ல அரசுக் காட்டுக்கு அனுமதிச்சீட்டு விடுறாங்க. மூணா வாங்கப் போறேன். நீ வரல்லேன்னா நானும் தைஸ்தோவும் போறோம்."

அன்று மாலையே அவன் தைஸ்தோவுக்கு ஃபோன் செய்தான். மன்னிப்பு என்ற சொல்லை இரண்டு பேரும் பயன்படுத்தவில்லை. "ரப்பர் பூட்ஸ்தான், ஒத்துக்குறேன்" என்றான் உர்ப்போ. அதோடு முடிந்தது.

ஜூன் காலையில், சீட்டு விற்பனை திறந்த நிமிடமே கணினியில் மூன்று எடுத்தேன். வடக்கே கைனூவில் ஒரு குடிசையை நான்கு நாளுக்குப் பிடித்தேன். என்னோடு வேலை பார்க்கும் கெர்த்து தன் நாயைக் கடன் தந்தாள். நப்பி, அசல் வேட்டைக் குலம், செந்நிறம், சுருட்டை வால். கெர்த்துவின் கணவன் உயிரோடு இருந்தபோது இரண்டு பருவம் காட்டுக்குப் போய்ப் பழகியது. இப்போது கல்லீரல் பேஸ்ட் தடவிய ரொட்டி தின்று, வாக்குவம் கிளீனருக்குப் பயந்து, சோபாவில் வாழ்ந்தது.

"காட்ட ஞாபகம் வெச்சிருக்குமா?" என்று உர்ப்போ சந்தேகமாகக் கேட்டான்.

"உங்களை விட நல்லாவே ஞாபகம் வெச்சிருப்பா" என்றாள் கெர்த்து.

செப்டம்பரில், கிளம்புவதற்கு முந்தைய நாள் மத்தியானம். கூடத்தில் மூட்டை முடிச்செல்லாம் அடுக்கியாயிற்று. நப்பி சோபாவில். உர்ப்போ தைஸ்தோவுக்கு எப்படிப் பதுங்கவேண்டும் என்று கம்பளத்தின் மேல் நடந்து காட்டினான். முழங்காலை மடக்கி, இடுப்பை வளைத்து, தலையைத் தாழ்த்தி, ஓர் அடி, இரண்டடி.

மூன்றாவது அடியில் "ஹக்" என்று ஒரு சத்தம் வந்தது.

"என்ன மச்சான், பறவையா?" என்றான் தைஸ்தோ.

"முதுகு" என்றான் உர்ப்போ, தரையைப் பார்த்தபடி.

நிமிர முடியவில்லை. வளைந்தபடியே காரில் ஏற்றி மருத்துவரிடம் கொண்டுபோனோம், வளைந்தபடியே திரும்பக் கொண்டுவந்தோம். இரண்டு வாரம் படுக்கை, பாரம் தூக்கக்கூடாது, காரில் நெடுந்தூரம் கூடவே கூடாது. கூடத்துத் தரையில் மெத்தை போட்டுக் கிடத்தினோம். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"ரத்து பண்ணிடறேன்" என்றேன்.

"வேணாம்." தலையைத் திருப்பக்கூட அவனால் முடியவில்லை. "நீங்க ரெண்டு பேரும் போங்க. அட்டை இருக்குல்ல உனக்கு. நான் என்ன, படுத்துக்கிட்டே வேட்டையாடிப் பழகுனவன்தானே."

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான், முதுகு விடவில்லை. அவனுடைய அக்கா வந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்ன பிறகே சம்மதித்தேன். அவன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான். நப்பியின் கழுத்துப்பட்டையில் இடம் காட்டும் கருவி ஒன்று இருந்தது. நாய் எங்கே ஓடுகிறது, நிமிடத்துக்கு எத்தனை முறை குரைக்கிறது என்பதெல்லாம் ஃபோன் திரையில் தெரியும். அதைத் தன் ஃபோனிலும் இணைத்துத் தரவேண்டும் என்றான். தந்தோம்.

ஒன்பது மணிநேரப் பயணம். குடிசைக்குப் போனதும் முதலில் நான் கவனித்தது, உறைபனி இல்லை, மழை. அடுப்பு புகைந்தது. இடது பக்கம் ஓடை இல்லை, வலது பக்கமும் இல்லை, சுற்றிலும் சேறும் சதுப்பும். பாதிக் காடு வெட்டப்பட்டு அடிக்கட்டைகளாக நின்றது. தைஸ்தோ வாசலில் நின்று நெடுநேரம் பார்த்தான்.

"அக்கா, இது வேற காடு" என்றான், கடைக்காரன் தப்பான சாமானைக் கொடுத்துவிட்ட மாதிரி.

முதல் நாள் நப்பி ஓர் எறும்புப் புற்றையும் இரண்டு அணில்களையும் கண்டுபிடித்தது. எங்கள் ஃபோன் அரைமணிக்கு ஒருமுறை அடித்தது.

"மேற்கால போறா. விடாதீங்க, பின்னாடியே போங்க!"

"உர்ப்போ, மேற்கால ஏரி இருக்கு."

"ஏரியா? ஏரி ஏது?"

"ஏது ஏரின்னா? தண்ணியா இருக்கு, பெருசா இருக்கு."

இரண்டாம் நாள் காலை மழை விட்டது. ஒன்பது மணி வாக்கில் தூரத்தில் நப்பியின் குரல் கேட்டது. அணிலைப் பார்த்துக் கத்திய கீச்சுக் குரல் இல்லை, ஒரே சீராக, கடிகாரம் அடிப்பதுபோல். தைஸ்தோவின் முகம் மாறியது. நடந்தோம். நாய் குரைத்தபோது ஓர் அடி, நின்றபோது நின்றோம். ஒரு பைன் மரத்தின் உச்சியில், இலைகளுக்கு நடுவே கறுப்பாக ஒரு கட்டி தெரிந்தது. தைஸ்தோ துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டுபோனான்.

அவன் பையில் ஃபோன் அடித்தது. பேக்கரியில் அடுப்புச் சத்தத்தையும் மீறிக் கேட்கவேண்டும் என்று வைத்திருந்த மணி.

கறுப்புக் கட்டி ஒரு கணத்தில் சிறகாகி, மரங்களுக்கு அப்பால் போய்விட்டது.

தைஸ்தோ ஃபோனைக் காதில் வைத்தான்.

"நப்பி குரைக்கிறா! நிமிசத்துக்கு அறுபத்தி நாலு! கேக்குதா?" வீட்டுத் தரையிலிருந்து உர்ப்போ கத்தியது எனக்கே கேட்டது.

"குரைச்சா" என்றான் தைஸ்தோ. "இப்பக் குரைக்கல."

"ஏன், என்னாச்சு?"

"நீ ஃபோன் பண்ணிட்டே மச்சான். வேறென்ன ஆகணும்?"

அதற்குப் பிறகு அவர்கள் பேசியதை நான் எழுதப்போவதில்லை. ரப்பர் பூட்ஸ்கூட மறுபடி வந்தது. மாலையில் நான் தனியாக அழைத்தபோது உர்ப்போவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "கை தானா அழுத்திருச்சு ஹில்க்கா. இனிமே மாட்டேன்" என்றான்.

மூன்றாம் நாள் காலையில் கதவைத் திறந்தால், புல்லெல்லாம் வெள்ளை. பனி மிதிபட்டுக் கறுமுறு என்றது. தைஸ்தோ அன்று துப்பாக்கியை என்னிடம் நீட்டினான்.

"நீ பிடி அக்கா. நேத்து நான் பிடிச்சாச்சு, இன்னைக்கு உன் முறை. நான் பக்கத்துலயே வரேன்."

கோடையில் மூன்று சனிக்கிழமைகள் சுடுகளத்துக்குக் கூட்டிப்போய் எனக்குப் பழக்கியவன் அவன்தான். வாங்கிக்கொண்டேன். சதுப்பின் ஓரமாக ஒரு மணிநேரம் நடந்தபோது நப்பி குரைக்கத் தொடங்கியது. அதே சீரான குரல். இரண்டு ஃபோன்களையும் அணைத்துவிட்டோமா என்று தைஸ்தோ மூன்று தடவை தடவிப் பார்த்தான்.

ஐம்பது அடி தூரத்தைக் கடக்க அரைமணி ஆனது. பாதியில் தைஸ்தோவின் கால் சேற்றில் முழங்கால்வரை இறங்கிவிட்டது. இழுத்தால் சத்தம் வரும். அவன் வாயைத் திறக்காமல் கண்ணாலேயே 'போ, போ' என்றான். நான் நாலு அடி முன்னால் போனேன்.

மெட்சோ ஒரு பட்டுப்போன கிளையில் உட்கார்ந்திருந்தது. கழுத்தை நீட்டி, கீழே குதிக்கும் நப்பியைப் பார்த்தது. அலுவலகத்தில் கத்தும் ஆளை மேலதிகாரி பார்ப்பானே, அந்தப் பார்வை. உர்ப்போ எத்தனையோ முறை எனக்குச் சொல்லியிருக்கிறான், அந்த நேரத்தில் காதில் ரத்தம் அடிக்கும் என்று. அப்படி எதுவும் இல்லை. உலகம் ரொம்ப அமைதியாக, ரொம்பத் தெளிவாக இருந்தது. ஒவ்வொரு ஊசியிலையும் தனித்தனியாகத் தெரிந்தது. துப்பாக்கியைத் தூக்கினேன், நப்பி குரைத்தது, சுட்டேன்.

பறவை கிளை கிளையாக இடித்துக்கொண்டு கீழே வந்து, பாசியில் பொத்தென்று விழுந்தது. அசைவில்லை. நப்பி அதன் மேல் மூக்கை வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது, 'இத்தனை நாள் எங்கே போயிருந்தே?' என்பதுபோல்.

மண்டியிட்டுப் பறவையைக் கையில் எடுத்தேன். சூடாக இருந்தது. கறுப்பு என்று நினைத்திருந்த நெஞ்சு, வெயிலில் பச்சையாக மின்னியது. கனமோ கனம். எங்கள் மேசையில் வேட்டை எப்போதும் வெடிச்சத்தத்தோடு முடிந்துவிடும். அதற்கப்புறம் பறவையை ஒருவர் கையில் எடுக்கவேண்டும், அது சூடாக இருக்கும் என்பதைப் பதினோரு ஆண்டுகளில் யாரும் சொன்னதில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. பின்னால் தைஸ்தோ, "அக்கா! வாழ்த்துகள்! இப்ப என்னை வெளிய இழு!" என்று கத்தினான்.

இழுத்தேன். கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை. சேற்றில் கையை விட்டு இருவரும் சேர்ந்து தோண்டி எடுத்தோம்.

ஃபோனை மறுபடி உயிர்ப்பித்தபோது உர்ப்போ ஒருமுறைகூட அழைத்திருக்கவில்லை. பயமாகப் போயிற்று. நான் அழைத்தேன். உடனே எடுத்தான்.

"நப்பி நாப்பத்தி ரெண்டு நிமிசம் குரைச்சா" என்றான். "ஒரே எடத்துல. புள்ளி நகரவே இல்ல. எனக்குக் கை பரபரன்னுச்சு. மெத்தைக்கு அடியில ஃபோனைப் போட்டு, அது மேலயே படுத்துக்கிட்டேன். அப்புறம் முதுகு பிடிச்சுக்கிச்சு, எடுக்க முடியல. அக்கா வந்துதான் உருட்டி எடுத்துக் குடுத்தாங்க. எடுத்துப் பாத்தா குரைப்பு நின்னுருக்கு. ஹில்க்கா... பறந்துருச்சா?"

"இல்ல."

மூச்சு மட்டும் கேட்டது.

"தைஸ்தோவா?"

"நான்தான்."

அவன் முகம் எப்படி இருக்கும் என்று என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. பதினோரு வருடக் கனவை நான் நடுவில் புகுந்து தட்டிக்கொண்டுவிட்டேனோ என்று ஒரு கணம் தவித்துப்போனேன்.

"என்ன மரம்?" என்றான்.

"பைன். பட்டுப்போன கிளை."

"இரு, இரு. அங்கேருந்து ஆரம்பிக்காதே." எதையோ இழுத்துத் தலைக்கு அண்டை கொடுக்கும் சத்தம் கேட்டது. "காலையில கதவத் தொறந்தீங்கள்ல, அங்கேருந்து சொல்லு. ஒண்ணும் விடாதே."

சொன்னேன். உறைபனியை, சதுப்பை, தைஸ்தோவின் காலை, ஒவ்வோர் அடியையும் சொன்னேன். அவன் குறுக்கே பேசவில்லை. பறவை சூடாக இருந்ததைச் சொன்னபோது, "அப்படியா!" என்றான் மெல்ல. "அது எனக்குத் தெரியாது."

வீட்டுக்கு வந்து அந்த ஞாயிற்றுக்கிழமை மெட்சோவைத் துண்டு போட்டு, பன்றிக் கொழுப்பில் வதக்கி, கிரீம் ஊற்றி மூன்று மணிநேரம் மெல்லிய தீயில் வேகவிட்டேன். கெர்த்துவையும் கூப்பிட்டோம். உர்ப்போ குச்சி ஊன்றி மேசைக்கு வந்து, நின்றபடியே சாப்பிட்டான், உட்கார்ந்தால் வலி என்று. உருளைக்கிழங்கும் புளிப்பான சிவப்புப் பழ ஜாமும் தொட்டுத் தொட்டு இரண்டு தட்டு காலியாயின. நப்பிக்கு எலும்பு ஒட்டிய ஒரு பங்கு.

"எப்படி இருக்கு மச்சான்?" என்றான் தைஸ்தோ.

"கொஞ்சம் கெட்டிதான்." மென்றுகொண்டே யோசித்தான். "ஆனா எழுபதுல இதுதான் ருசி."

அடுத்த செப்டம்பரில் உர்ப்போவும் வந்தான். காலையிலும் மாலையிலும் முதுகுக்குப் பயிற்சி செய்து, பத்து மாதம் ஒழுங்காக இருந்தான். இந்த முறை வேறு குடிசை, காடு கொஞ்சம் அடர்த்தி. இரண்டாம் நாள் மத்தியானம் நப்பி ஒன்றை மரத்தில் ஏற்றியது. நானும் தைஸ்தோவும் ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து, உர்ப்போ பதுங்கிப் போவதைப் பார்த்தோம். நல்ல நடைதான். காலடிச் சத்தம் துளியும் இல்லை. தைஸ்தோ என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தான்.

வெடித்தது. அவன் தலைக்கு இரண்டடி மேலேயே மெட்சோ, ஒரு லாரி பாலத்தைக் கடப்பதுபோல் இரைச்சலோடு பறந்துபோனது. ஓர் இறகு மட்டும் சுழன்று சுழன்று கீழே வந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தோம். உர்ப்போ துப்பாக்கியைத் திறந்து பத்திரமாகப் பக்கத்தில் வைத்துவிட்டு, பாசியில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். முகம் சிவந்து, கண் பளபளத்து, பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு.

"கேட்டீங்களா?" என்றான். "அந்த ரெக்கைச் சத்தம்! அவ்வளவு சத்தம் போடும்னு எனக்குத் தெரியவே தெரியாது!"

நப்பி அவன் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. தைஸ்தோ பையைத் திறந்து பிளாஸ்கை எடுத்தான். அன்றைக்கு அதற்கு மேல் நாங்கள் வேட்டையாடவில்லை.